நான் திருப்பி வைத்த வசன அட்டை

1981 நவம்பர் 28, சனிக்கிழமை. சவளக்கடையிலிருந்து பின்னேரம் நாலரைக்குக் கல்முனைக்கு வரும் பஸ் வரவில்லை. அதில் வரவேண்டிய என் மனைவி செல்வராணியும் வரவில்லை. ஆறு மணிக்கு டிப்போவில் விசாரித்தேன். வழியிலுள்ள தாழ்ந்த பாலமான கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாய்கிறதாம். போக்குவரத்து நின்றுவிட்டதாம்.

பதினேழு வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்றைய பக்கத்தில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன: "ராணி வரவில்லை. குற்றவாளி நான்."

ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லுகிறேன்.

1980 டிசம்பரில் எங்கள் போதகர் என்னை அழைத்தார். சவளக்கடையில் மூன்று குடும்பங்கள் புதிதாக ஆண்டவரை ஏற்றிருந்தார்கள். சனிக்கிழமைகளில் போய் அவர்களோடு வேதம் வாசித்து ஜெபிக்க ஓர் ஆள் வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர்; ஊராருக்குக் 'கிளாக்கர்'. வேத விளக்க நூல்கள் நிறைய வாசித்திருந்தேன். ஆனால் எனக்குத் திக்குவாய். பிறர் முன் ஒரு தடவைகூட வாய்விட்டு ஜெபித்ததில்லை. "யோசித்துச் சொல்லுகிறேன், ஐயா" என்று நழுவிவிட்டேன்.

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையின் முடிவில் வசன அட்டை எடுப்போம். குடும்பம் குடும்பமாகப் பீடத்தின் முன் முழங்காலிட, போதகர் தட்டை நீட்டுவார். கண்ணை மூடி எடுக்கும் அட்டைதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வார்த்தை. 1981 ஜனவரி முதலாம் திகதி எனக்கு வந்தது, ஆபிரகாமைப் புறப்பட்டுப் போகச் சொன்ன வசனம். சவளக்கடையைத்தான் சொல்லுகிறது என்று புரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் தட்டின் ஓரத்தில் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். மேய்ப்பர் ஆடுகளை இளைப்பாற்றும் அமர்ந்த தண்ணீரைப் பற்றிய வசனம் கிடைத்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அடுத்ததாகக் கை நீட்டியவள் ராணி. ஓரத்தில் கிடந்ததையே எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "இந்த முறை வசனம் எனக்கெண்டே வந்திரிக்கு. போதகர் உங்களக் கேட்ட சவளக்கடைக்கு நான் போறன். நீங்க இரிந்து புத்தகத்தப் படிங்க."

பதினொரு மாதம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அவள் போனபின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். எழுந்து வாசலுக்குப் போவேன். திரும்பி வருவேன். சாப்பாடு இறங்காது. அவள் நடக்கும் வழி என்னுடையது என்ற எண்ணம் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை.

அந்தச் சனியிரவு வெறும் வீட்டில் முதன்முதலாக வாய்விட்டுக் கதறினேன். "ஆண்டவரே, நீர் கூப்பிட்டது என்னை. அவளைக் காத்துக்கொள்ளும். நான் போகிறேன்."

ஞாயிறு விடிந்ததும் சைக்கிளில் தாம்போதிக்குப் போனேன். தெரு எங்கே, ஆறு எங்கே என்று தெரியவில்லை. தோணிக்கார உதுமான் காக்கா கரையில் நின்றார். என்னைத் தெரிந்தவர்.

"என்ன கிளாக்கர், தண்ணியப் பாத்துக் கணக்கு எழுதவா வந்த?"

"ம... மனிசி அங்கால, காக்கா."

"அப்ப ஏறுங்க. பயமெண்டா வீட்ட போய் எழுதுங்க."

ஏறினேன். நடுவில் நீரோட்டம் தோணியைத் திருப்பியது. காக்கா தோணி தள்ளும் கம்பு நிலத்தில் ஊன்றவில்லை. தண்ணீர் உள்ளே ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகத் திக்கித் திக்கி ஜெபித்தேன்.

"கிளாக்கர், கண்ணத் திறந்து தண்ணிய அள்ளி ஊத்துங்க! ஓதுறதையும் உட்டுராதீங்க!" என்று காக்கா கத்தினார்.

இரண்டையும் செய்தேன். கம்பு ஊன்றியது. கரை சேர்ந்தோம்.

ராணி உயிரோடு இருந்தாள். தாம்போதியைத் தாண்ட முடியாமல் பஸ் நின்றுவிட, மழையில் திரும்பி நடந்தே அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றான கந்தசாமி அண்ணர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. குரல் அடைத்திருந்தது. மூன்று குடும்பங்களும் அவளைச் சுற்றிப் பாயில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அட்டையின் கதையைச் சொல்லி அழுதேன்.

அவள் சிரித்தாள். "அப்ப பதினொரு மாசமா உங்கட வேலையையா நான் செய்திரிக்கன்? சரி, இண்டைக்கு எனக்குத் தொண்டை இல்ல. நீங்க ஜெபிங்க."

முழங்காலிட்டேன். "ஆ..." என்பதைத் தாண்ட முடியவில்லை. பாயிலிருந்து கந்தசாமி அண்ணரின் குரல் வந்தது: "ஆறுதலாக் கதைங்க, தம்பி. இந்த வெள்ளத்துக்க நாங்க எங்க போகப்போறம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு "ஆண்டவரே" என்ற சொல் வந்தது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன.

செவ்வாயன்று காய்ச்சல் விட்டது. வியாழனன்று வெள்ளம் வடிந்தது. இருவரும் ஒன்றாக வீடு திரும்பினோம்.

இதை எழுதும் 1987 வரை, சனிக்கிழமைகளில் நானே போகிறேன். திக்கல் போகவில்லை. பயம் போய்விட்டது. நூல்களில் வாசித்துத் தெரிந்துகொண்ட தேவனை அந்த வீடுகளில்தான் அறிந்துகொண்டேன்.

அன்பானவர்களே, அழைப்பைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறீர்களா? அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். வாய் சரியாகட்டும், காலம் சரியாகட்டும் என்று காத்திருக்கவேண்டாம். இருக்கிற வாயோடு புறப்படுங்கள். என்னை நடத்தியவர் உங்களையும் நடத்துவார்.