எதிர்ப்பக்கம் தள்ள வேண்டிய பிடி

பனமலை ஏரியில் படகுப் பயிற்சி என்று சொன்னதும் எங்கள் ஊரிலிருந்து முதலில் பேர் கொடுத்தவள் நான்தான். “பொம்பளைக்கு இன்னாத்துக்கு படகு?” என்று கேட்டவர்களை ஒரு முறை முறைத்தேன். போன கார்த்திகை வெள்ளத்தில் என் வீட்டுக்காரர் போனதை ஊரே கரையில் நின்று பார்த்தது. அடுத்த மழைக்குள் படகு ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது ஊரில் இருக்க வேண்டும். வரமாட்டேன் என்ற கொழுந்தனையும் இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளத்தன்றைக்கு அவரைக் காப்பாற்றப் படகை ஓட்டியவன் அவன்தான்.

தரைப்பாலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டுபோன அவர், ஒரு வேலிகாத்தான் மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். யாரோ கொண்டுவந்த மோட்டார் வைத்த ரப்பர் படகில் இவன் தாவி ஏறினான். மரத்துக்குக் கிட்டே போன படகு சட்டென்று விலகித் திரும்பியது. மறுபடி போனது, மறுபடி விலகியது. அதற்குள் மரம் சாய்ந்துவிட்டது. “தண்ணி இழுத்துட்டுச்சி அண்ணி” என்று அழுதான். நானும் அதையே சொல்லித்தான் அவனைத் தேற்றினேன். அப்படியும் வானம் இருட்டினால் அவன் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வான்.

பயிற்சி கொடுக்க வந்தவர் மரக்காணம் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர். படகின் பின்னால் மோட்டாரோடு ஒரு பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் போக வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போனோம்.

“இது மொபெட் ஓட்டுற கை அக்கா. இடது பக்கம் போவணும்னா பிடிய வலது பக்கம் தள்ளணும். எல்லாரும் இதே தப்பதான் பண்றீங்க” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுந்தனைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. அன்றைக்கு மரத்தை விட்டுப் படகு விலகியது இதனால்தானா? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு உயிர்? யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

சட்டைக்குள் வைக்கோல் திணித்த ஒரு பொம்மையைத் தண்ணீரில் போட்டு, அதைத் தூக்கி வரும்படி கொழுந்தனிடம் சொன்னார் பயிற்சி கொடுப்பவர்.

“என்னால முடியாது சார்” என்றான் கொழுந்தன்.

“நீதான் ஓட்டுற. நானும் வரேன், ஏறு” என்றேன்.

பொம்மை இடது பக்கம் மிதந்தது. அவன் கை பழக்கத்தில் இடது பக்கமே போனது. படகு விலகியது. அப்படியே உறைந்துவிட்டான். அவன் கைமேல் என் கையை வைத்து வலது பக்கம் தள்ளினேன். படகு பொம்மையை நோக்கித் திரும்பியது. கிட்டே போனதும் அவனே மோட்டாரை நிறுத்தினான். நான் குனிந்து சட்டையைப் பிடித்தேன். தண்ணீர் ஊறி ஆள் கனம் கனத்தது. இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே இழுத்துப் போட்டோம். கரையில் கை தட்டினார்கள்.

“அன்னிக்கி தண்ணி இழுக்கல, இல்ல அண்ணி?” என்று கேட்டான்.

“இழுக்கலடா” என்றேன். இனிமேலும் அதையே சொல்லி அவனைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

அவன் விசும்பி விசும்பி அழுதான். அழட்டும் என்று விட்டேன். பிறகு பொம்மையைத் தூக்கி மறுபடி தண்ணீரில் போட்டேன்.

“இன்னொரு தபா போ” என்றேன்.