யாரோ போட்ட சுவிட்ச்

1. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஃபிட்டர் புது கிரைண்டிங் மெஷினில் சக்கரத்தை மாட்டினான். பேலன்ஸ் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது என்றான். அதைத் தமிழில் எல்லோருக்கும் சொன்னவள் நான்.
2. பூஜையன்று அவன் மாமல்லபுரம் பார்க்கப் போனான். மெஷின் ஓடியது.
3. அடுத்த வேலைநாள் காலையில், சக்கரத்தைச் சுழற்றும் ஸ்பிண்டில் கரகரத்தது. பேரிங் போயிருந்தது.
4. யார் போட்டது என்று மேலாளர் கேட்டார். யாரும் போடவில்லை என்றார்கள்.
5. தானாக ஓடாது என்றான் ஃபிட்டர். அப்படியென்றால் யாரோ போட்டிருக்கிறார்கள் என்றார்கள்.
6. மதியத்துக்குள் பழி என்னிடம் வந்துவிட்டது. நான் சரியாகச் சொல்லவில்லையாம்.

தொண்ணூறுகளின் நடுவில், மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. நான் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயிலில் போய்வந்த பயிற்சிப் பொறியாளர். என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அந்த மாதக் கடைசியில் சொல்ல வேண்டியவர் அந்த மேலாளர்தான்.

அங்கே ஒரு வழக்கம். பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியதும், ஒன்றை மட்டும் சிறிது நேரம் ஓட்டுவார்கள். சுவிட்சை அழுத்துவது மேலாளரின் கை. அந்த ஆண்டு புது மெஷினைத் தேர்ந்தெடுத்தார்.

"சார், ஃபிட்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

"அபசகுனமா பேசாதம்மா. சாமிக்கு ஒரு சுத்து, அவ்ளோதான்."

ஆபரேட்டர் சிரித்தார். "இன்னாமா நீ, ஒரு சுத்து சுத்துனா தேஞ்சா பூடும்? பேஜார் பண்ணாத."

மேலாளர் அழுத்தினார். நான் பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரிங் போன அன்று அதே ஆபரேட்டரிடம் கேட்டேன். "அண்ணா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன். கண்ண மூடி கும்புட்டுகினு இருந்தேன்மா. எவன் போட்டான்னு எனக்கு இன்னா தெரியும்?"

பூஜையன்று அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்களாம்.

ஃபிட்டருக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் பொய்யர்கள் என்றே நினைத்தான். ஸ்பிண்டிலைக் கழற்றியபடி, இவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை என்ன என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான். அந்த ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் பழகியிருந்தது. ஒன்றல்ல, யாரும், யாரோ என்று இரண்டு என்றேன். யார் என்ற கேள்வியோடு 'உம்' சேர்க்கிறோம், மறுப்பு கடைசியில் வரும் என்று விளக்கினேன்.

உங்கள் ஸ்பானிஷில் எப்படி என்று கேட்டேன். தான் ஸ்பானியன் அல்ல, ஸ்பெயினின் வடக்கே தனி மொழி பேசும் பாஸ்க் இனத்தவன் என்று எரிச்சலோடு திருத்தினான். அவர்கள் மொழியிலும் அப்படித்தானாம். நோர் என்றால் யார். இனோர் கேள்வியில் வந்தால் யாராவது; 'எஸ்' என்ற மறுப்போடு வந்தால் யாரும். ஸ்பானிஷில் யாருமில்லை என்பதற்கு 'நாதியே' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகிவிடும். அவர்கள் 'இனோர் எஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். நாமும் 'யாரும்' என்று நிறுத்திவிட முடியாது. ஆனால் முழு வாக்கியத்தில் அவர்களுடைய மறுப்பு வினைக்கு முன்னால் வந்துவிடும். நம்முடையது கடைசிவரை காத்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது வசதி. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிக்கலாம்.

யாரோ என்பதற்கு 'நோர்பைத்' என்றான். அது முழுதாகப் பொருந்தவில்லை. ஆளைத் தெரிந்தவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லலாம். நம் யாரோவில், ஆளை எனக்குத் தெரியாது என்பதும் சேர்ந்திருக்கிறது.

"அப்படியென்றால் இவர்களுக்கு நிஜமாகவே தெரியாதா?"

"எல்லோருக்கும் தெரியும்."

ஸ்பானரை மேஜையில் எறிந்தான். அதற்குள் எங்கள் இருவரையும் மேலாளர் அறைக்கு வரச் சொன்னார்கள். சூப்பர்வைசர் சுவரோரம் நின்றிருந்தார்.

"நீயே அவன்கிட்ட சொல்லிடும்மா. நீ சொன்னதுல ஏதோ குழப்பம், அதான் யாரோ ஓட்டிட்டாங்கன்னு" என்றார் மேலாளர். "முடிஞ்சுது. யாருக்கும் பிராப்ளம் இல்ல. உன் கன்ஃபர்மேஷனும் என் டேபிள்லதான் இருக்கு."

ஃபிட்டர் என்னைப் பார்த்தான். நான் ஆங்கிலத்தில், அவனுக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னேன். நீ சொன்னதை நான் எல்லோருக்கும் சொன்னேன். இவர் அழுத்த வந்தபோது மறுபடியும் சொன்னேன். அழுத்தியவர் இவர்தான்.

ஃபிட்டர் எழுந்து வெளியே போனான். எனக்கு நன்றி சொல்லவில்லை.

"உனக்கு ரொம்பத் திமிரும்மா" என்றார் சூப்பர்வைசர், மேலாளருக்குக் கேட்கும்படி.

மேலாளர் கையால் கதவைக் காட்டினார். மாதக் கடைசிவரை எனக்கான வேலையைச் சூப்பர்வைசர் வழியாகத்தான் சொல்லி அனுப்பினார்.

புது பேரிங் வந்து மெஷின் ஓடியது. மேலாளர் அதே நாற்காலியில் இருந்தார். எனக்கு நிரந்தரம் கிடைக்கவில்லை. இப்போது கேளம்பாக்கம் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். பழைய இடத்திலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை.