காலியாக இருந்த ஒரு குழி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மல்லுக்கட்டி நிரூபிக்க எனக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த படம் ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். போன ஜனவரி பதினான்காம் தேதி, மதியம் மூன்று நாற்பதுக்கு நடந்தது. பட்டப்பகலில், பர்மிங்காமில், என் சொந்த வீட்டில்.

என் பெயர் வில்ஃப்ரெட். பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷமாகப் பழைய ரிவால்வர்கள் சேர்க்கிறேன். இப்போதைய தோட்டாக்கள் வருவதற்கு முந்தின காலத்தவை. வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் தீப்பொறிக்கு ஒரு செப்புக் கேப்பு மாட்டிச் சுட வேண்டும். அந்தக் காலத்தில் அவற்றை மரப்பெட்டியில் வைத்து விற்றார்கள். உள்ளே பச்சைக் கம்பளித் துணி. ரிவால்வருக்கு ஓர் இடம், மருந்துக் குடுவைக்கு ஓர் இடம், குண்டு வார்க்கும் அச்சுக்கு ஓர் இடம். எங்களைப் போன்றவர்களுக்கு ரிவால்வர்கூடப் பெரிதில்லை. பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தால் போதும், சாப்பாடு இறங்காது.

நான் கடைசியாக வாங்கிய பெட்டியில் இரண்டு குறை. அச்சு இல்லை. ஐந்து குண்டுகளுக்கான குழிகளில் நான்கு குண்டுகள்தான் இருந்தன. லட்லோ என்ற ஊரில் எனிட் என்ற விதவையிடம் வாங்கிய பெட்டி அது. பதினோரு வருஷம் அந்த அச்சைத் தேடினேன். ஏலம், சந்தை, செத்தவர் வீடு என்று ஏறி இறங்காத இடமில்லை. முட்டி தேய்ந்தது. கண் மங்கியது. இந்தப் பெட்டி முழுசானதும் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கடலோரமாகப் போய்விடலாம் என்று என் மனைவி மேவிஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அதுக்குள்ள நம்ம ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டி வந்துடும், வில்ஃப்," என்பாள்.

ஜனவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. துருப்பிடித்த சாவிகள் குவிந்த ஒரு மேஜையில் அது கிடந்தது. பக்கவாட்டில் எண் வெட்டியிருந்தது. என் ரிவால்வரில் இருக்கும் அதே எண்.

"இது எங்க கிடைச்சுது?"

"தெரியலையே பெரியவரே. காலைல மேஜையை விரிச்சேன், இருந்துச்சு."

கையில் எடுத்தேன். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. அன்று மழையே இல்லை. எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது.

பழைய அச்சில் புதுக் குண்டு வார்த்துப் பெட்டியில் வைப்பது எங்கள் ஆட்களிடையே பெரிய பித்தலாட்டம். வேறு யாராவது செய்திருந்தால் ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்கியிருப்பேன். ஆனால் அலுத்துவிட்டது. ஒரே ஒரு குண்டு. அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

பதினான்காம் தேதி இரண்டரைக்குக் கொட்டகையில் ஈயத்தை உருக்கி ஊற்றினேன். புது ஈயம் வெள்ளி மாதிரி மின்னும். இது மின்னவில்லை. அச்சைத் திறக்கும்போதே கறுத்து, வெள்ளை பூத்து, மற்ற நான்கையும் போலப் பழசாக இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்...

ஐந்தாவது குழியில் வைத்தேன். மூன்று பத்துக்குப் பெட்டியைப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்.

மேவிஸ் தேநீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்தேன்.

மூன்று இருபத்தெட்டு.

டக்.

குளிரில் மரம் இறுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று முப்பத்தொன்று. டக்.

அது மரம் இல்லை. முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். ரிவால்வரின் உருளை ஓர் அறை நகரும் சத்தம்.

மூன்று முப்பத்து நான்கு. டக்.

"யாரு வில்ஃப் தட்டறது?"

"யாருமில்ல."

"மூணு தடவை தட்டினாங்களே!"

பூட்டைத் திறந்தேன். ரிவால்வர் தன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் சுடுவதற்கு இழுத்து வைத்த மாதிரி அதன் சுத்தியல் மேலே தூக்கியிருந்தது. நான் இறக்கி வைத்துத்தான் மூடியிருந்தேன்.

மருந்து வாடை வந்தது. என் வீட்டில் ஒரு சிட்டிகை வெடிமருந்து கிடையாது.

படாரென்று மூடினேன்.

மூன்று முப்பத்தேழு. டக்.

நான்கு ஆகிவிட்டது...

எழுந்து ஓட நினைத்தேன். ஆனால் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

மூன்று நாற்பது.

டக்.

வெடிக்கவில்லை. வெளிச்சம் இல்லை. இடது விலாவில் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். தேநீர்கூடச் சிந்தவில்லை.

பெட்டியைத் திறந்தேன்.

சுத்தியல் இறங்கியிருந்தது.

குழலைத் தொட்டால் சுட்டது.

நான்கு குண்டுகள்.

பத்து நாள் வலி பொறுத்தேன். பிறகு மேவிஸ் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே படம் எடுத்த பெண் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க ராணுவத்துல இருந்தீங்களா?"

"இல்லம்மா. பூட்டு செஞ்சேன்."

"அப்ப இது எப்படி உள்ள போச்சு?"

விலாவுக்கு உள்ளே, குண்டு அளவில் வட்டமாக ஒரு நிழல். தோலில் காயமில்லை, தழும்பில்லை. இதயத்தை ஒட்டி இருப்பதால் எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே எனிட்டுக்குப் போன் செய்தேன். அச்சு கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

"அதை நான்தானே ஆத்துல வீசினேன்," என்றாள். "என் கையால. பெட்டியை உங்களுக்கு விக்கறதுக்கு முந்தின நாள்."

"ஏன்?"

"என் வீட்டுக்காரரோட தாத்தா வாங்கினப்போ அதுல ஒரு குண்டுகூட இல்ல. அவர் ஒண்ணு வார்த்தார். அப்புறம் என் மாமனார். அப்புறம் கொழுந்தன். கடைசியா என் வீட்டுக்காரர் ரெஜி. வார்த்த அன்னிக்கே குண்டு காணாமப் போயிடும். வார்த்தவரோட அடக்கம் முடிஞ்ச மறுநாள் பாத்தா பெட்டியில இருக்கும்."

"தெரிஞ்சுமா ரெஜி வார்த்தார்?"

"காலிக் குழியப் பாத்தா உங்கள மாதிரி ஆளுங்க கை சும்மா இருக்குமா?"

இப்போது பயம்கூட வருவதில்லை, அலுப்பாகத்தான் இருக்கிறது. மேவிஸுக்குக் கொடுத்த வாக்கில் பாதி எப்படியும் நிறைவேறிவிடும். என் அடக்கத்துக்கு மறுநாள் பெட்டி முழுசாகிவிடும். ஐந்தும் நிரம்பிய பிறகு அது என்ன செய்யும் என்று எனிட்டுக்கும் தெரியவில்லை.

அதனால் எனக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று நேற்று மேவிஸிடம் சொன்னேன். அவள் திறந்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, காலியாக இருந்த அந்த ஒரு குழிக்குள் மெதுவாக விரலை விட்டுப் பார்த்தாள்.