உமி மேட்டில் ஒரு பனிச்சரிவு

பனிமலையை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சரிவில் புதைந்த ஓர் ஆளை இரண்டு கையாலும் தோண்டி எடுத்திருக்கிறேன். அதுவும் ரங்கூனில், வியர்க்க விறுவிறுக்க.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரங்கூனின் கெம்மண்டைன் பேட்டையில், அரிசி மில்லை ஒட்டிய வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் சமையல்காரர். மலையையும் ஆற்றையும் அளந்து படம் வரைவது துரையின் வேலை. அந்த வருஷம் அவர் பர்மாவின் வடகோடிப் பனிமலைக்குப் புறப்பட்டார், சமையலுக்கு இவரையும் வரச் சொன்னார். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கோ அவரை அனுப்ப மனமில்லை. நான் சம்மதித்தால்தான் போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், அந்த மட்டும் பரவாயில்லை.

சம்மதம் வாங்க அவர் கண்டுபிடித்த வழி, எனக்குப் பாடம் நடத்துவது. துரை சொன்னதையெல்லாம் சாயங்காலம் வந்து ஒப்பிப்பார்.

"புதுப்பனி கொட்டின மறுநாள் சரிவுல கால் வைக்கப்படாது. காலுக்கடியில 'தொம்'முனு சத்தம் கேட்டா ஆபத்து. ஒவ்வொரு ஆளாத்தான் கடக்கணும். இடுப்புல சிவப்புக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டே போகணும். ஆள் புதைஞ்சாலும் கயிறு வெளியே தெரியும்."

"கயிறும் சேர்ந்து புதைஞ்சா?"

"வாய்க்கு முன்னால கையைக் குவிச்சுக்கணும். மூச்சுவிட இடம் கிடைக்கும். எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

துரையின் சோடாவில் மிதக்கும் ஐஸ்கட்டிக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அதுவும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை மில்லின் பின்பக்கம் இழுத்துப் போனார். அங்கே உமி மலையாகக் குவிந்து கிடக்கும். மழையில் நனைந்து காய்ந்து, மேலே அப்பளம் போல் இறுகியிருந்தது. குச்சியால் குத்திக் காட்டினார். அடியில் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பார்த்தியா? மேலே கெட்டி, கீழே பொலபொல. இதுதான் ரொம்ப மோசம்னு துரை சொன்னார். மேல்படை அப்படியே பெயர்ந்து வருமாம்."

சொன்ன வாய் மூடவில்லை, என் சிவப்பு ரிப்பன்களை முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு அதன் மேலேயே ஏறிவிட்டார் மனுஷர்! மில் காவல்காரர் சுருட்டும் வாயுமாக வந்து நின்றார். பர்மாக்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் அக்கோ என்று கூப்பிடுவோம். கூலியாட்களும் கூடிவிட்டார்கள். இவர் மேலே இடுப்பை அசைத்து ரிப்பனை ஆட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

'தொம்' என்று ஒரு சத்தம்.

மேட்டின் ஒரு பக்கம் முழுக்க விரிசல் விட்டு, பாயைச் சுருட்டியது போல் கீழே வந்தது. "அமலே!" என்று அலறினார் அக்கோ, பர்மா பாஷையில் 'ஐயோ அம்மா' என்பது போல. தூசி அடங்கியபோது ஆளும் இல்லை, ரிப்பனும் இல்லை.

"ஏங்க!" என்று கத்தினேன். கூலியாட்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. உமியிலிருந்து ஒரு பதிலும் இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான், அதுவரை ஒருமுறையும் சொன்னதில்லை. இப்போது அது தானாக வாயிலிருந்து வந்தது. மறுபடியும், மறுபடியும், மரியாதை எதுவும் ஒட்டாமல், மில் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே உமியை வாரி இறைத்தேன்.

ஓரிடத்தில் உமி அசைந்தது. அக்கோவும் நானுமாகத் தோண்டினோம். முதலில் குவித்த கை தெரிந்தது, பிறகு மூக்கு, பிறகு உமி அப்பிய பல்வரிசை. அந்த நிலையிலும் சிரித்தார்.

"நீ என் பேரைச் சொன்னது முதல் தடவையே கேட்டுச்சு. எவ்வளவு நல்லாயிருக்கு! இன்னும் ரெண்டு தடவை சொல்லுவியேன்னு பேசாம இருந்தேன்."

இரண்டு கையாலும் உமியை அள்ளி அவர் வாயிலேயே அடித்தேன். கூட்டம் கைகொட்டியது. அடித்துக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் தும்மிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "இப்போ சொல்லு. போகட்டுமா?" என்றார்.

துரைக்கு இவர் வெறும் குக்கு, பெயர்கூடத் தெரியாது. அந்த மலையில் இவர் புதைந்தால், எந்தப் பெயரைச் சொல்லி யார் தேடுவார்கள்?

அத்தனை பேருக்கும் முன்னால் அவர் பெயரைச் சொல்லி, போக வேண்டாம் என்றேன். மறுநாள் துரைக்கு வேறு சமையல்காரரைத் தேடிக் கொடுத்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்தார்.