மூன்றாம் நம்பர் வீட்டுக்கு வைத்த குழாய்

“குழாய் எங்க அங்கிள்? கிணத்த மூடுனா அது மூச்சு விட ஒரு குழாய் வைக்கணும்னு தெரியாது உங்களுக்கு?”

“கிச்சன் நடுவுல குழாய் நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? மண்ணக் கொட்டி டைல்ஸ் போட்டாச்சு. முடிஞ்சது லா!”

குமுதாவும் காண்ட்ராக்டர் ரேமண்டும் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரி நான் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. திறந்துதான் வைத்திருந்தேன், அது வேறு விஷயம். இதைக் கட்டுக்கதை என்பவர்கள் குமுதாவின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

பிரிக்பீல்ட்ஸில் நாற்பது வருடம் பாழாய்க் கிடந்த பங்களாவைப் புதுப்பித்து நான்கு வீடுகளாக்கினார் ரேமண்ட். பின்பக்கக் கிணறு மூன்றாம் நம்பரின் சமையலறைக்குள் வந்துவிட்டது. அதைத்தான் குமுதாவும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் ஜீவனும் ஆசை ஆசையாக வாங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். அடுத்த வாரம் கல்யாணம். குடியேற வேறு வீடு கிடையாது.

புதன்கிழமை. பிற்பகல் 2.17. குமுதா தனியாகத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு டைல்ஸ் மட்டும், வாயால் ஊதிய கண்ணாடிபோல் மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

ஹ்ஹா... ஹ்ஹா...

போன் போட்டாள். 2.50க்கு வந்த ரேமண்ட் சிரித்துக்கொண்டே குனிந்தார். நிமிர்ந்தபோது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த டைல்ஸில் துளை போட்டார்.

பத்தடி பிவிசி குழாய். அவர் தள்ள, அவள் பிடித்துக்கொண்டாள். ஓரடி... இரண்டடி... மண் விடவில்லை.

3.08.

குழாய் சட்டென்று இறங்கியது.

“மெதுவா தள்ளுங்க அங்கிள்.”

“நான் கைய எடுத்துட்டேன்மா...”

சர்ர்ர்...

உள்ளங்கை எரிந்தது.

முழுக் குழாயும் உள்ளே.

கீழே... ஒரு பெருமூச்சு.

இரண்டு நாள் கழித்துத்தான் ரேமண்ட் ஜீவனிடம் வாயைத் திறந்தார். மண் கொட்டுமுன் அவரே அளந்த கிணறு அது. ஆழம் ஆறடி. அடியில் பாறை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பால் மட்டும் செராஸில், பதினான்காவது மாடி வாடகை வீட்டில் காய்ந்தது. ரேமண்ட் ரவாங் பக்கம் போய்விட்டார். பழைய வீடு என்றால் தொடுவதில்லையாம். மூன்றாம் நம்பரைப் பங்சாரிலிருந்து வந்த ஏமி வாங்கினாள். துளைக்கு ஒரு சல்லடை மூடிதான் போட்டிருந்தார்கள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

“கிச்சன்ல ஏர்கோனே வேணாம் ஆன்டி. கீழேருந்து ஜில்லுன்னு காத்து வருது... விட்டு விட்டு வருது.”

அன்று முதல் என் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.