என் மகளுக்குத் துணையாக வந்த மணி

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் ஆசைப்பட்டது முழுசா எனக்குக் கிடைக்கல. என் மவன் தண்ணில போனான், போனவன்தான். அவனை ஆண்டவர் திருப்பிக் குடுக்கல. ஆனாலும் நன்றி சொல்லத்தான் இந்த செபக்கூட்டத்துல உங்க முன்னாடி வந்து நிக்கிறேன்.

எனக்குப் பொறந்த ஊரு வரதராஜன்பேட்டை. கட்டிக்கிட்டுப் போனது அரியலூர் பக்கம். வீட்டுக்காரர் சவரிமுத்து, கல்லு லாரியில லோடு ஏத்துற வேலை. எங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் அருளப்பன், ஒம்பது வயசு. சின்னவ பிலோமி, அஞ்சு வயசு. எங்க வூட்டுக்குப் பின்னாடி கொஞ்ச தூரத்துல சுண்ணாம்புக்கல் வெட்டி விட்ட பழைய குழி ஒண்ணு. மழை பெஞ்சா ரொம்பிடும். எழுபதுகளோட கடைசி, ஒரு லீவு நாளு மத்தியானம், அண்ணனும் தங்கச்சியும் அங்க போயிருக்காங்க. எனக்குத் தெரியாது, உலை வச்சுக்கிட்டு இருந்தேன்.

பிலோமி ஓடி வந்து வாசல்ல நின்னா. வாயைத் தொறந்தா, சத்தம் வரல. என் சேலையைப் புடிச்சு இழுத்தா. நாங்க போய்ச் சேர்ந்தப்ப அவன் செருப்பு மட்டும்தான் கரையில கெடந்துச்சு. சாயங்காலம்தான் ஆளுங்க எறங்கி அவனைத் தூக்கினாங்க.

அன்னிக்கு மூடின வாயை அவ தொறக்கவே இல்ல. அம்மான்னு ஒரு வார்த்தை இல்ல. அழுகைகூட இல்ல. சோறு ஊட்டினா வாயில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. கை காலெல்லாம் குச்சியாப் போச்சு. திருச்சிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் பார்த்துட்டு, "தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. பயந்திருக்கு. நாளாவும்" னு சொல்லி அனுப்பிட்டார். வீட்டுக்காரரு வேலைக்குப் போவாரு, வருவாரு, சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவாரு. ஒரு புள்ள மண்ணுல, ஒரு புள்ள இப்படி.

நான் செபமாலையை விடல. பேட்டைக்குப் போயி மாதா கோவில்ல முட்டிபோட்டேன். "மவனைக் கேக்கல தாயே, மவளைப் பேச மட்டும் வை" னு கெஞ்சினேன். ஒண்ணும் நடக்கல. ஒரு வருசம் ஓடிப்போச்சு. அப்புறம் பூசைக்குப் போனாலும் என் வாயில செபம் வரல. ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சில்லாமப் போச்சு.

அந்தச் சமயத்துலதான் பக்கத்து வூட்டு செல்லம்மா அக்கா ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. அவங்க நம்ம வேதம் இல்ல, வேற மதம்.

"எங்க நாயி குட்டி போட்டிருக்கு. புள்ளைக்குத் துணையா இருக்கட்டும், வச்சுக்க."

எனக்கு எரிச்சலா வந்துச்சு. "பெத்த உயிரையே காப்பாத்த முடியல, இந்த வூட்டுல இன்னொரு உயிரா அக்கா?" ன்னேன்.

"வச்சுப் பாரு. வேணாம்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்" னு சொல்லி அதை எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க.

இவரு அதுக்கு மணின்னு பேரு வச்சாரு. அது நேரா பிலோமி மடியில போய்ச் சுருண்டுக்கிச்சு. சாப்பாட்டு நேரத்துல அவ எதிர்ல உக்காந்து அவ கையையே பார்க்கும். இவ ஒரு வாய் அதுக்கு வைப்பா, ஒரு வாய் தான் தின்னுவா. தட்டு காலியாச்சு. அது தூங்கினா இவளும் தூங்கினா. ஆனா பேச்சு? பேச்சு இல்ல. நாயால ரெண்டு வாய் சோறு எறங்குதுன்னு நெனச்சேன். அதுக்கு மேல நம்பிக்கை வைக்க எனக்குத் தெம்பு இல்ல.

இன்னொரு மழைக்காலம் வந்துச்சு. நானும் அவளும் முள்ளு வெறகு ஒடிக்கப் போனோம். மணியும் கூடவே வந்துச்சு. குழிக்கரையில ஒரு கொக்கு நின்னுச்சு. மணி அதைத் துரத்திக்கிட்டு ஓடுச்சு. சரிவுல கல்லு சரசரன்னு உருண்டுச்சு. கீழ தண்ணி.

"மணி! போவாத! ஆழம்! போவாத!"

யாரு கத்துறாங்கன்னு திரும்பிப் பார்த்தேன். என் மவ. கரகரன்னு, துருப்புடிச்ச மாதிரி ஒரு குரல். மணி அப்படியே நின்னுச்சு, திரும்பி ஓடி வந்துச்சு. அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு மண்ணுல உக்காந்துட்டா. நான் வெறகைப் போட்டுட்டு ஓடினேன்.

அவ என்னைப் பார்த்து சொன்னா: "அண்ணன்கிட்டயும் சொன்னேம்மா, போவாதன்னு. மெதுவா சொல்லிட்டேன் போலருக்கு. அதான் அண்ணனுக்குக் கேக்கல."

இத்தனை நாளும் அந்தப் பச்சப்புள்ள நெஞ்சுக்குள்ள இதை வச்சுக்கிட்டு இருந்திருக்கா.

"நீ சரியாத்தான் சொன்ன தங்கம். அவன்தான் கேக்கல" ன்னேன். ரெண்டு பேரும் அந்தக் கரையிலயே அழுதோம். ஆண்டவரேன்னு கூப்பிட்டேன். எவ்வளவோ நாளைக்கப்புறம் கூப்பிட்டேன்.

அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அவ ரொம்ப நாளைக்கு மணிகிட்டதான் பேசினா. எங்ககிட்ட ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். ராத்திரி திடுக்குனு முழிப்பா, பக்கத்துல மணியைத் தடவிப் பார்த்துட்டுப் படுப்பா. இவரு சிரிச்சு நான் இன்னும் பார்க்கல. மவன் இல்லாத வூடு மவன் இல்லாத வூடுதான்.

போன வருசம் மணி வயசாகிச் செத்துப்போச்சு. பிலோமி இப்ப டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கிறா. வேலியோரமா குழி வெட்டி அவளே அதைப் பொதைச்சா. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டு அழுதா. செல்லம்மா அக்கா சமாதானம் பண்ண வந்தாங்க. "அழட்டும் அக்கா, விடுங்க" ன்னேன்.

புள்ளைங்க உள்ள வூட்டுல வாயில்லா ஜீவன் ஒண்ணு வந்து ஒட்டிக்கிட்டா வெரட்டாதீங்க. பெத்தவங்ககிட்ட சொல்ல முடியாததைப் புள்ளைங்க அதுகிட்ட சொல்லும். செபம் பண்ணிட்டு பதில் வரலன்னு கெடக்குறவங்களும் என்னை மாதிரி இங்க இருப்பீங்க. இன்னும் ஒரு நாள் பொறுங்க. என் புள்ள குரலை எனக்குத் திருப்பிக் குடுத்தவரு உங்களையும் மறக்க மாட்டாரு. அன்னிக்கு வேலியோரத்துல அவ அழுத சத்தம்தான் ஆண்டவர் எனக்குக் குடுத்த பதில்.