அப்பா மூடிவிடும் பக்கம்

அப்பா போன பத்தாம் நாள், தானம் கொடுக்க அவர் சட்டைகளை எடுத்தபோது வந்த துணி உலர்த்தும் டிரையரில் போடும் வாசனைத் தாளின் மணம், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் இப்போது இல்லாத, காசு போட்டு நாமே துவைக்கும் அந்த லாண்ட்ரிக்கு என்னைக் கொண்டுபோனது. ஞாயிறுதோறும் துணிகள் சூட்டில் உருண்டுகொண்டிருக்க, அப்பா அங்கே யாரோ விட்டுப்போன பிரெஞ்சு காமிக்ஸை விரித்து, ஒரு எழுத்தும் புரியாமல் படங்களை மட்டும் பார்த்து, ஒரு குழந்தையைக் காப்பாற்ற விண்வெளியெங்கும் அலையும் மூவரைத் திருநெல்வேலித் தமிழில் பேசவைப்பார். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் மூடிவிடுவார்.

“டிரையர் நின்னுட்டு. மிச்சத்த அடுத்த வாரம் பாப்போம்.”

டிரையர் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

சட்டைகளுக்கு அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் வசனமே இல்லை. மூவரும் போய்விட்டார்கள், குழந்தை மட்டும் தனியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.